பரண்மேல் ஆரணியாற்றான்

என் வீட்டுக்காரர் முழுநேர எழுத்தாளர் ஆவதென்று முடிவு செய்த அன்று எங்கள் எருமைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கொட்டகையில் மூங்கில் குழாயும் கையுமாக எருமைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அம்சா, ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"எருமை வாயைப் பிடிங்க."

"நாம மெட்ராஸுக்குப் போறோம்."

"மொதல்ல வாயைப் பிடிங்க."

கொம்பைப் பிடித்தார். எருமை தலையை ஆட்டியது. மருந்தில் பாதி அதன் வயிற்றுக்கும் பாதி அவர் துண்டுக்கும் போயிற்று. எருமைக்குக் குணமாகிவிட்டது. இவருக்குத்தான் ஆகவில்லை.

இவர் பெயர் கோவர்த்தனன். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று இவருடைய கதையை ஒரு தரம் போட்டுவிட்டது. அன்றிலிருந்து 'ஆரணியாற்றான்' ஆகிவிட்டார். ஆரணியாறு எங்கள் பிச்சாட்டூர்ப் பக்கம் ஓடுகிற ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி அதில் மணல்தான் ஓடும். பொருத்தமான பெயர் என்று நான் மறுப்புச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு நான் சுண்ணாம்பு அடித்து வைத்த சுவரில் கரியால் எழுதினார்: 'காலையில் கலப்பை, மாலையில் பேனா.' எழுத்து அழகாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. கதாநாயகி கிணற்றில் விழுகிற இடத்தை யோசித்துக்கொண்டே ஏரின் பின்னால் நடந்து, ஒரே சாலில் திரும்பத் திரும்ப விதை போட்டார். பக்கத்துச் சால் வழுக்கையாகக் கிடந்தது. ஒரு வார்த்தை அகப்படவில்லை என்று வரப்பில் உட்கார்ந்தார்; வார்த்தை அகப்படுவதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரெல்லாம் பக்கத்துக் கொல்லை வேதாச்சலத்தின் கத்திரிக்காய்க்குப் பாய்ந்து முடிந்திருந்தது. அந்த வருஷம் வேதாச்சலத்துக்குக் கத்திரிக்காய் அமோகம். எங்களுக்கு அந்த வார்த்தை.

நிலம் என் நைனா கொடுத்தது. சித்தூரில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்து, இங்கிலீஷில் பேச வைத்து, கடைசியில் இரண்டு ஏக்கர் கொல்லையோடு இவருக்குக் கட்டிக் கொடுத்தார். நிலம் நல்ல நிலம்.

அதைத்தான் வேதாச்சலத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு மெட்ராஸில் ஓர் அறை பிடிக்க வேண்டுமாம்.

"தமிழ் எழுத்தாளன் ஆந்திரா ராஜ்யத்துல உக்காந்துக்கிட்டு எழுதினா எவன் மதிப்பான்?" என்றார்.

"எல்லைக் கமிஷன் போடுவாங்கன்னு பேப்பர்ல வருதே. போட்டா ஊரே மெட்ராஸோட சேர்ந்தாலும் சேந்துடும். உக்காந்த எடத்துலேயே மெட்ராஸ் வரும்போது பஸ்ஸுக்கு எதுக்குக் காசு?"

"எழுத்தும் விவசாயமும் ஒரே ஆளு செய்ய முடியாது அம்சா. நான் செஞ்சு பாத்துட்டேன்."

"எப்போ?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் துண்டை உதறினால் பெரிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம்.

"சரி. ஒரு பந்தயம். சோளம் இப்போ பால் புடிச்சிருக்கு. இதை நானே காவல் இருந்து காப்பாத்தறேன். தானியம் ஒழுங்கா வீட்டுக்கு வந்துட்டா, ரெண்டும் ஒரே ஆளு செய்யலாம்னு ஒத்துக்கிட்டு இங்கேயே கிடக்கறேன். வரலேன்னா அறுப்பு முடிஞ்ச கையோட குத்தகை, மெட்ராஸ். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தோற்றால்தான் மெடல் என்று சொல்லி ஓட்டப் பந்தயத்துக்கு ஆளை அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இது கூடவா தெரியாமல் போயிற்று என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அதையும் எருமைமேல்தான் காட்டினேன்.

சோளத்துக்கு எங்கள் பக்கம் எதிரி என்றால் கிளி. பால் பிடித்த கதிர் என்றால் கூட்டமாக இறங்கும். அதற்காகக் கொல்லை நடுவில் பரண் கட்டி, மேலே ஆள் உட்கார்ந்து கத்த வேண்டும், தகரம் தட்ட வேண்டும், கவணில் கல் விட வேண்டும். வருஷா வருஷம் எங்களுக்குக் கிளி ஓட்டினவள் கமலம்மா. அவள் ஒரு சத்தம் போட்டால் கிளி மட்டுமா, பஸ்ஸே நிற்கும். அறுப்பு முடிந்து களத்தில் தூற்றியதும், மூட்டை கட்டுவதற்கு முன்னால் அவள் முந்தானையை விரிப்பாள். கூலிச் சோளத்தை அளந்து போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அந்தக் கமலம்மா இந்த வருஷம் அலிபிரிக்குப் போய்விட்டாள். திருப்பதி மலையேறுகிறவர்களுக்கு மோர் விற்கிறாள். அங்கேயும் கத்த வேண்டும்தான். ஆனால் கூப்பிட்டால் வருகிற ஜனங்களைப் பார்த்துக் கத்தலாம்.

நீயே போய்க் கத்துவதுதானே என்பீர்கள். என் தொண்டையில் குறை ஒன்றும் இல்லை, வீட்டில் கேட்டுப் பாருங்கள். எருமை, அடுப்பு, கடலைக் கொல்லையில் களை இத்தனையும் என் தலையில். பரணிலும் நானே ஏறினால் அப்புறம் இவர் எதற்கு?

ஆக, இவர் பரண் ஏறினார். பாய், தலையணை, மைக்கூடு, பேனா, ஒரு கட்டுக் காகிதம். கவணைக் கீழேயே வைத்துவிட்டுப் போனார். கனமாம்.

மறுநாள் காலையில் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன். கொல்லை முழுக்கப் பச்சை. சோளத்தின் பச்சை இல்லை. கதிருக்கு ஒரு கிளி உட்கார்ந்து பந்தி நடக்கிறது. பரண் காலில்கூட ஒன்று சாய்ந்துகொண்டு சாவகாசமாகக் கொறிக்கிறது. மேலே என் புருஷன் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"உஷ்!" என்றார்.

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், கிளியைத்தான் விரட்டுகிறார் என்று. என்னைத்தான் விரட்டியிருக்கிறார்.

"சத்தம் போடாதே. வசனம் வருது."

"கிளியும் வந்திருக்கு."

"தின்னட்டுமே. அதுக்கு எம்மாத்தம் வயிறு? ஒரு புடி."

"ஒண்ணுக்கு ஒரு புடி. இங்க ஒரு கல்யாணமே உக்காந்திருக்கு."

"அம்சா, உனக்கு ரசனையே இல்லை. இதுங்களைப் பாத்துத்தான் கதாநாயகிக்குக் கிளிமொழின்னு பேர் வச்சேன்."

"வச்சவரே மொய்யும் எழுதிடுங்க. நம்ம சோளம்தானே."

கூழைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியில் வரப்பில் வேதாச்சலம் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கொல்லையை ஒரு பார்வை பார்த்தார். வரப்போகிற போகத்தில் இங்கே என்ன விதைக்கலாம் என்று கணக்குப் போடுகிற பார்வை.

"அண்ணன் நல்லா காவல் காத்துக்கினு கீறாரு அண்ணி" என்றார்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

என்னத்தைப் பார்க்கிறது? எனக்கே தெரியாது. ஆனால் ஏதாவது சொல்லிவிட்டு நடந்தால்தான் வேகமாக நடக்க முடியும்.

அன்று மதியம் இவர் சாப்பிட வந்தபோது முகம் தொங்கியிருந்தது. தபாலில் கதை திரும்பி வந்திருக்கிறது. 'வசனத்தில் உயிர் இல்லை' என்று அதன் தலையில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். குழம்பை ஊற்றிக்கொண்டே அதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு என் கான்வென்ட் ஞாபகம் வந்தது.

"இதுல என்ன தப்பு இருக்குது? சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன்.

"நீயுமா?"

"உயிர் பேனாவுல எங்க இருக்கும்? தொண்டையில இல்ல இருக்கும்? எங்க கான்வென்ட்ல எலக்யூஷன்னு ஒரு கிளாஸு. மதர் எங்களை மேடையில ஏத்திவிட்டு, கடைசி பெஞ்சிக்கும் அந்தாண்ட சமையக்கட்டுல இருக்கற ஆளுக்குக் கேக்கணும்பாங்க. கேக்கலேன்னா எழுதினதுல உயிர் இல்லேன்னு அர்த்தம்."

இது முழுப் பொய் இல்லை. மதர் அப்படித்தான் கத்தச் சொன்னார். உயிரைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "மேடை இருக்கு" என்றார் மெதுவாக.

"பரண்" என்றேன் நான்.

"எழுதினதை எழுதினபடிக்கு உரக்கப் படிச்சுப் பாக்கணும்."

"காலையில வெளுத்ததும் ஆரம்பிக்கணும். அப்போதான் குரல் சுத்தமா இருக்கும். அப்புறம் பொழுது சாயற நேரம். நடுவுல வெய்யில்ல எழுதிக்கலாம்."

கிளி இறங்குவது விடியலிலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான். நடு வெயிலில் அதுவும் மரத்தில் போய்த் தூங்கும். இது இவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எழுத்தாளருக்கு அது அப்போது ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஊருக்கே கேட்டது.

"அடே பாவி! என் கிளிமொழியை எங்கேயடா ஒளித்து வைத்திருக்கிறாய்?"

கொல்லையிலிருந்து ஒரு பச்சை மேகம் கிளம்பி மேலே போயிற்று. நான் சாணி உருண்டையோடு அப்படியே நின்று பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இவர் எழுத்தால் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் ஏற்பட்ட முதல் நாள் அது.

சாயங்காலம் வந்ததும் கேட்டார், "எப்படி இருந்தது?"

"வில்லன் நல்லா இருந்தான். கதாநாயகன்தான் கொஞ்சம் உள்ளடங்கினாப்பல பேசறான்."

"அவன் சாது."

"சாதுன்னா கத்தக்கூடாதா? அப்புறம், இடி இடிக்கிற எடம் வருதே, அதை வாயால 'டமார்'னா நல்லாவா இருக்கு? அந்தப் பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்துட்டுப் போங்க. ஒரு தட்டு தட்டினா மழையே வந்த மாதிரி இருக்கும்."

தகரம் போனது. தட்டிப் பார்த்ததில் இவருக்கே ருசி கண்டுவிட்டது. அதற்குப் பிறகு எழுதின அத்தியாயம் ஒவ்வொன்றிலும் இடி. கல்யாணத்தில் இடி, காதலில் இடி, கோர்ட்டில் ஜட்ஜ் தீர்ப்புச் சொல்கிற நேரத்தில் இடி. அந்த நாவலில் பெய்த மழையில் பாதி எங்கள் தாலுகாவில் பெய்திருந்தால் நாங்கள் கரும்பு போட்டிருக்கலாம்.

ஊர்க் கரணம் நாகபூஷணம் ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கணக்கு எழுதுகிற மனிதர், தெலுங்குக்காரர், எதையும் மேலே எழுதிப் போட்டால்தான் தூக்கம் வரும்.

"ஏமம்மா, உங்க வீட்டுக்காரர் தினம் பரண்மேல நின்னு மீட்டிங் போடறாராமே. மெட்ராஸ் கட்சியா, ஆந்திரா கட்சியா? ரிப்போர்ட் எழுதணும்."

"சோளக் கட்சிங்க."

"அதுக்கு யார் தலைவர்?"

"அவரேதான். தொண்டரும் அவரேதான்."

எழுதிக்கொண்டு போனார். மேலே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

எங்கள் கொல்லையில் கிளி இறங்குவது அடியோடு நின்றது. கதிர் ஒவ்வொன்றும் முத்தித் தலைசாய்ந்தது. ஆனால் கிளிகளுக்கும் வயிறு இருக்கிறதே. அவை எங்கே போயின என்று நான் யோசிக்கவில்லை. வேதாச்சலம் வந்து சொன்னார்.

"அண்ணி, உங்க ஊட்டுக் கிளியெல்லாம் எங்க கொல்லையில வந்து துன்னுதுங்க."

"எங்க ஊட்டுக் கிளின்னு அது நெத்தியில எழுதியிருக்கா?"

"வெளையாடாதீங்க அண்ணி. எங்க ஊட்டுக்காரி செங்கம்மா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் படுத்துக்கினு கீறா. அண்ணன் சத்தத்துக்குப் பறக்கறதுங்க, நேரா வந்து எங்க கதிர்ல குந்துதுங்க. அண்ணனைக் கொஞ்சம் எங்க பக்கமும் கத்தச் சொல்லுங்க."

"அவர் கத்தலீங்க. வாசிக்கிறார்."

"இன்னாவோ ஒண்ணு. அதை எங்க பக்கமும் வாசிக்கச் சொல்லுங்க. பரணைப் புடுங்கி வரப்பு மேல நட்டுடலாம். ரெண்டு கொல்லைக்கும் ஆகும்."

முறத்தைக் கீழே வைத்தேன். இப்படி ஒரு நேரம் வாழ்க்கையில் அடிக்கடி வராது.

"குத்தகைக்கு எடுத்துக்கறேன்னு அவர்கிட்டே சொல்லியிருக்கீங்களே. அந்தப் பேச்சு?"

வேதாச்சலம் தலையைச் சொறிந்தார். "அது அண்ணன்தான் கேட்டாரு..."

"இனிமே அவர் கேட்டாலும் எடுக்கறதில்லேன்னு சொல்லுங்க. பரணை இன்னிக்கே மாத்திடலாம்."

தன் கொல்லைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கிளிச் சத்தம் இங்கே வரை கேட்டது.

"எடுக்கல அண்ணி. கங்கம்மா சாமி மேல ஆணையா எடுக்கல. கூலி மாத்திரம் களத்துல வழக்கப்படி குடுத்துடறேன். அது குடுக்காம இருந்தா நல்லா இருக்காது."

"வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்க. அவர்கிட்டே கூலின்னு மட்டும் இப்போ சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. மரியாதை செய்யப் போறதா சொல்லுங்க."

இவரிடம் போய்ச் சொன்னேன்: "வேதாச்சலம் அவர் பக்கத்துலேயும் உங்க கதை கேக்கணுங்கறார். அதுக்காகப் பரணையே வரப்புக்குத் தூக்கிடலாமாம்."

பேனாவை மூடினார். நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது.

"குடும்பத்தோடவா?"

"செங்கம்மா படுத்த படுக்கையில இருந்தே கேக்கறாளாம்."

"பாத்தியா! நோயாளிக்கும் ஒரு ஆறுதல்!"

வரப்புப் பரணில் இவர் குரல் இன்னும் ஏறியது. இரண்டு பக்கமும் ரசிகர்கள் அல்லவா, ஒரு வரி கிழக்குப் பக்கம் பார்த்து, ஒரு வரி மேற்குப் பக்கம் பார்த்து. நான் சொல்லித்தராமலேயே இதைச் செய்தார். கமலம்மாகூட இப்படித் திரும்பித் திரும்பிக் கத்தியது கிடையாது.

அறுப்பு வந்தது. எங்கள் சோளம் பழுதில்லாமல் வீடு வந்து, குதிர் நிறைந்து, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து நின்றார்.

"பந்தயத்துல நான் தோத்துட்டேன், அம்சா."

"சோளத்தைக் காப்பாத்தினது தோல்வியா?"

"மெட்ராஸ் போச்சே. ஆனா வருத்தம் இல்லை. மெட்ராஸ்ல எவன் நம்ம வாயைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறான்? இங்க ரசிகர்கள் இருக்காங்க. விட்டுட்டுப் போக மனசு வராது."

"வராதுதான்" என்றேன்.

"வேதாச்சலம் நாளைக்குக் களத்துக்கு வரச் சொல்லியிருக்கான். மரியாதை செய்யணுமாம். பொன்னாடையா இருக்கும்னு நெனைக்கறேன்."

"துணி சம்பந்தப்பட்டதுதான். எதுக்கும் துண்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"பொன்னாடை போத்தறப்போ துண்டு எதுக்குடி?"

"இருக்கட்டும்."

மறுநாள் சலவை ஜிப்பா, புதுத் துண்டு, தலையில் எண்ணெய். நானும் பின்னாலேயே போனேன். களத்தில் தூற்றி முடித்துச் சோளம் மலையாகக் குவிந்திருந்தது. தொண்டை சரியாகிச் செங்கம்மாவும் முறத்தோடு நின்றாள். இவர் குவியலுக்கு முன்னால் போய் நின்று, மாலை விழத் தோதாகக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

வேதாச்சலம் மரக்காலைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, துண்டை விரிங்க."

இவர் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. களத்தில் மூட்டை கட்டுவதற்கு முன்னால் துண்டை விரிக்கிற ஆள் யார் என்று எங்கள் பக்கத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சோளத்தில் கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்சா..."

"விரிங்க. அவருக்கு வேலை இருக்குது."

விரித்தார். வேதாச்சலம் குறையில்லாமல் தலைதட்டாமல் அளந்து போட்டார். இவர் முகம் இருந்த இருப்பில் எனக்கே ஒரு நிமிஷம் ஐயோ என்று இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"வேதாச்சலம்" என்றார் இவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அந்தக் குத்தகை விஷயம் சொல்லியிருந்தேனே. நீ எடுத்துக்கறதா இருந்தா நாளைக்கே..."

"அய்யய்யோ!" வேதாச்சலம் மரக்காலையே கீழே போட்டுவிட்டார். "நீங்க மெட்ராஸ் போய்ட்டா, அடுத்த போகத்துக்கு எங்க கம்புல கிளி ஓட்டறது யாரு?"

இவர் துண்டு மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். பிறகு, எழுத்தாளர் இல்லையா, கடைசியாக ஒன்று கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கதையாவது காதுல வாங்கினீங்களா?"

"கேக்காம இன்னா அண்ணா?" என்றாள் செங்கம்மா. "எல்லாம் ஜோருதான். அந்த ஆத்தாக்காரி சாவற எடத்துல மட்டும் கொரலை எறக்கி மெள்ள மெள்ளப் படிச்சீங்க பாரு, அங்கதான் கிளி எறங்கிடுச்சு. கம்புக்குப் படிக்கறப்போ யாரையும் சாவடிக்காதீங்க."